பூஜையில் வைத்த ஸ்பேனர்

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முன்னால் நடந்தது இது. அப்போது பினாங்கில், டத்தோ கிராமட் ரோட்டுப் பக்கம், ஒரு கடைவீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தோம். அன்றைக்கு ஆயுத பூஜை.

நான் அதிகம் படித்தவன் இல்லை. தமிழ்ப் பள்ளியில் நாலாவதுவரை போனதோடு சரி. கோர்வையாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

துறைமுகத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் மேஸ்திரியாக இருந்தேன். அங்கே இருந்த துரை சீமைக்குப் போகும்போது தன் பழைய மோட்டார் சைக்கிளை எனக்குத் தள்ளிவிட்டுப் போனார். எங்கள் தெருவில் அது ஒன்றுதான். வெளியே எடுத்தால் சனங்கள் வேடிக்கை பார்ப்பார்கள். பக்கத்து வீட்டில் சோற்றுக்கடை வைத்திருந்த பாய், "தம்பி, பொண்டாட்டியக் கூப்பிட்டாகூட இவ்வளவு ஆசையா கூப்பிட மாட்டே, இத உதைச்சுக் கெளப்புறப்ப என்னா செல்லம்!" என்று கேலி பண்ணுவார்.

வீட்டில் நானும் அக்காவும்தான் அப்போது. அக்கா இளம் வயதிலேயே தாலியறுத்தவள். என்னோடுதான் இருந்தாள். சாமி காரியம் என்றால் அவளிடம் எள்ளளவும் பிசகாது. என் மனைவி தலைப்பிரசவத்துக்காக அவள் அப்பா வீட்டுக்குப் போயிருந்தாள். தெலுக் பஹாங்கில் ஒரு தென்னந்தோட்டத்தில் மாமனாருக்கு வேலை. எங்கள் வீட்டிலிருந்து தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி எல்லாம் தாண்டி, கடலோரமாக வளைந்து வளைந்து போகிற மலைப்பாதை.

அந்த வருஷம் புரட்டாசியிலேயே மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டு ஒரு வாரமாகப் பெய்தது. ஆயுத பூஜை அன்று காலையில்தான் கொஞ்சம் வெறித்திருந்தது. அதற்கு முதல் நாளே நான் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், டயர் கழற்றும் கம்பி எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துக் கொடுத்திருந்தேன். அக்கா அவற்றைத் தாம்பாளத்தில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்தாள். அரிவாள்மனை, கத்திரிக்கோல், அவளுடைய தையல் ஊசிகூட அங்கேதான். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை போட்டுத்தான் எடுக்க வேண்டும். அதுவரைக்கும் தொடக் கூடாது. இது எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் அக்கா அதை உயிராகப் பிடித்துக்கொண்டிருப்பாள். அதற்காக முதல் நாள் இரவே காய் நறுக்கி வைத்துவிடுவாள்.

வண்டிக்கும் மாலை போட்டோம். பூசணிக்காய் உடைத்தோம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கடைவரிசைக்கு முன்னால் ஓடும் அஞ்சடிப் பாதைவரைக்கும் உருட்டிக்கொண்டு போய், திரும்ப முன்கூடத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். இனி நாளைக்குத்தான் என்று கையைக் கழுவிவிட்டு, இலை முன்னால் சாப்பிட உட்காரப் போனேன். அப்போதுதான் தோட்டத்திலிருந்து என் மைத்துனன், மனைவியின் தம்பி, வந்தான்.

இடுப்புவரை சேறு. செருப்பு இல்லை. வாசலிலேயே நின்று மூச்சு வாங்கினான்.

"மாமா, அக்காவுக்கு ராத்திரியே வலி எடுத்துருச்சு. புள்ள திரும்பிக் கெடக்குதாம். தோட்டத்துக் கெழவி கைய விரிச்சிட்டா. டவுன்லேருந்து மருத்துவச்சியம்மாவக் கூட்டியாரச் சொன்னாரு அப்பா. வழியில மண்ணு சரிஞ்சு கெடக்கு மாமா. பஸ்ஸு அந்தப் பக்கமே நின்னுடுச்சு. நான் ஏறி நடந்து வந்து, இந்தப் பக்கம் ஒரு லோரியில தொத்திக்கிட்டு வந்தேன்."

புள்ள திரும்பிக் கிடக்கிறது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். என் அம்மா போனது அப்படித்தான்.

சத்தம் கேட்டுப் பாய் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அப்படியே திரும்பி ஓடி, முக்கில் நின்ற வாடகைக் காரை விசாரித்து வந்தார். "மண்ணு சரிஞ்ச எடம்வரைக்கும்தான் வருவானாம் தம்பி. அதுக்கு மேல மைல் கணக்கா நடக்கணும். அந்தம்மாவுக்கு நடக்கிற காலா அது?" படகில் போகலாமா என்றும் யோசித்தார். கடல் அன்றைக்கு இருந்த இருப்பில் எந்தப் படகுக்காரனும் வர மாட்டான் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

"மண்ணு மேல வண்டி போகுமா?" என்று மைத்துனனைக் கேட்டேன்.

"ஓரத்துல ஒரு ஆள் போற அளவு வழி இருக்கு. சைக்கிளத் தூக்கிட்டுப் போறாங்க. உங்க வண்டியத் தள்ளிரலாம் மாமா."

நாளைவரை வண்டியை எடுக்கக் கூடாதே என்று ஒரு கணம் அக்கா முகத்தைப் பார்த்தேன். அவள் வண்டிக்குப் போட்டிருந்த மாலையைத் தானே கழற்றினாள். மைத்துனனை மருத்துவச்சியம்மா வீட்டுக்கு ஓடவிட்டு, வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினேன். பின்சக்கரம் தொப்பென்று தரையில் படிந்தது. டயரில் காற்றே இல்லை.

குனிந்து பார்த்தேன். டயரில் எலுமிச்சம்பழத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்தால், உள்ளே ஒரு ஆணியின் கொண்டை.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "நான்தாண்டா சொருகினேன். போன வருஷம் ஜெலுத்தோங்குல வழுக்கி விழுந்தியே. வெறும் பழம் போதாது, இரும்பு சேந்தாத்தான் கண்ணு கழியும்னு சொருகினேன். ரெண்டுலயும் சொருகல. பின்னாடி பழத்துல மட்டுந்தான்."

அவளைத் திட்ட நேரம் இல்லை.

டியூபை வெளியே எடுத்துப் பார்க்காமல் முடியாது. அதற்குச் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். கழற்ற ஸ்பேனர் வேண்டும். ஸ்பேனர் எல்லாம் சரஸ்வதிக்கு முன்னால்.

பாய் தன் கடையிலிருந்து ஒரு திருகு ஸ்பேனரும், அவர் சைக்கிளுக்கு வைத்திருந்த பஞ்சர் ஒட்டுகிற பெட்டியும் கொண்டுவந்தார். அந்த ஸ்பேனர் அடுப்புக் குழாய்க்கு வைத்திருந்தது. வாய் தேய்ந்து போயிருந்தது. அச்சு நட்டில் மாட்டி அழுத்தினேன். வழுக்கியது. திரும்ப மாட்டி, காலை உதைத்துக்கொண்டு அழுத்தினேன். வழுக்கிப் போய் என் கை வண்டிச் சட்டத்தில் இடித்து, விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்தது. நட்டின் முனைதான் மழுங்கியது, அது அசையவில்லை. இன்னும் இரண்டு தடவை இப்படி வழுக்கினால், அப்புறம் சரியான ஸ்பேனருக்கும் அது மசியாது.

எனக்கு ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. வாசலுக்கு வந்து மேகத்தைப் பார்ப்பேன். உள்ளே போய்த் தாம்பாளத்தைப் பார்ப்பேன். அந்த நட்டுக்கு உள்ள ஸ்பேனர், சந்தனப் பொட்டோடு, கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் கிடந்தது. நான் கையை நீட்டவில்லை. சின்ன வயதிலிருந்து ஊறிப்போன பயம் அது. பிள்ளையும் தாயும் உயிருக்குப் போராடுகிற நேரத்தில் சாமி குற்றத்தையும் சேர்த்துக்கொள்வதா என்று ஒரு பக்கம். எடுக்காமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால் என்று இன்னொரு பக்கம்.

பாய் என்னைப் பார்த்தார், தாம்பாளத்தைப் பார்த்தார். மெதுவாகக் கேட்டார்: "நான் எடுத்துத் தரவா தங்கச்சி? எனக்கு ஒண்ணும் தோஷம் இல்லையே."

"உங்களுக்கு இல்ல பாய். எங்களுக்கு இருக்கே," என்றாள் அக்கா.

சொல்லிவிட்டு விடுவிடுவென்று பின்கட்டுக்குப் போனாள். கை கால் கழுவிக்கொண்டு ஈரத்தோடு வந்தாள். மறுநாளைக்கு என்று எடுத்து வைத்திருந்த தேங்காயை உடைத்தாள். கற்பூரம் ஏற்றினாள். அவள் பூஜை செய்யும்போது வாய்க்குள்தான் முணுமுணுப்பாள். அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரியோடு பேசுவது போலச் சத்தமாகவே பேசினாள்.

"தாயே, நாளைக்குப் பண்றத இன்னைக்கே பண்ணிப்புட்டேன். நீயும் பொம்பளதான். ஒனக்கு நான் சொல்லணுமா? கோவம்னா எம்மேல வச்சுக்க. அந்தப் பொண்ண விட்டுரு."

கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. தாம்பாளத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

"மறுபூஜை ஆச்சு. எடுடா."

நான் எடுத்தேன். நட்டு ஒரே பிடியில் கழன்றது.

சாப்பாட்டுக்குப் போட்டிருந்த வாழையிலையை இழுத்துத் தரையில் விரித்து, கழற்றுகிற வரிசைப்படியே சாமான்களை அதன்மேல் வைத்தேன். திரும்பப் பூட்டும்போது கடைசியில் வைத்ததை முதலில் எடுத்தால் போதும், ஒன்றும் விட்டுப்போகாது. இது நானாகப் பழகிக்கொண்ட வழி. செயினின் பூட்டுக் கண்ணி, பிரேக் கம்பியின் திருகு, பிரேக் தகட்டைப் பிடிக்கும் போல்ட், அச்சு நட்டு, வாஷர் என்று வரிசையாக வைத்துக்கொண்டு போனேன். பாய் வண்டியைப் பிடித்துக்கொள்ள, சக்கரத்தைப் பின்பக்கமாக உருவினேன்.

"இவ்வளவு சாமானா ஒரு சக்கரத்துக்கு?" என்றார் பாய். "மாட்டு வண்டிக்கு ஒரே ஒரு கடையாணி தம்பி. அதையும் கழட்டிக் காது குடையலாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது நினைத்தால் வருகிறது.

டயரை நெம்பி டியூபை உருவினோம். பாய் வாயால் ஊதி ஊதிப் பார்த்தார். அக்கா அண்டாவில் தண்ணீர் கொண்டுவந்தாள். அழுத்திப் பார்த்தால் ஒரு இடத்தில் இல்லை, இரண்டு இடத்தில் குமிழி வந்தது. ஆணி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கமும் குத்தியிருந்தது. தேய்த்து, பசை தடவி, காயும்வரை ஊதிக்கொண்டே இருந்தேன். பசை காய்கிற அந்த நேரம் போல நீளமான நேரத்தை நான் பார்த்ததே இல்லை. "காஞ்சிருச்சா, காஞ்சிருச்சா" என்று பாய் கேட்டுக்கொண்டே இருந்தார். அக்கா விசிறியை எடுத்து வந்து, சின்னக் குழந்தைக்கு வீசுவது போல அந்த ரப்பருக்கு வீசினாள்.

மைத்துனன் திரும்பி ஓடி வந்தான். மருத்துவச்சியம்மா தயாராக இருக்கிறாராம், எவ்வளவு நேரம் என்று கேட்கிறாராம். அவ்வளவுதான், எனக்கு இருந்த கொஞ்ச நிதானமும் போயிற்று. சக்கரத்தை மாட்டி, செயினைப் பூட்டி, நட்டை இறுக்கி, காற்றடித்து, கேரியரில் ஒரு தலையணையை வைத்துக் கட்டினேன். மழை தூற ஆரம்பித்தது. அக்கா என் நெற்றியில் விபூதி பூசினாள். ஒரே உதையில் வண்டி கிளம்பியது. நான் தெருவில் இறங்கிவிட்டேன்.

முக்குக்குப் போவதற்குள் பின்னால் பாயின் குரல். "தம்பீ! நில்லு! நில்லு லா!" காலைத் தரையில் ஊன்றி, இழுத்துக்கொண்டே நிறுத்தினேன். பிரேக்கைத் தொடவில்லை. அது அந்த நேரத்தில் யார் செய்த புண்ணியமோ.

திரும்பிப் பார்த்தால், பாய்க்கு முன்னால் அக்கா ஓடி வருகிறாள். தெருவில் வேகமாக நடந்துகூட நான் பார்க்காதவள். ஒரு கையில் சேலைக் கொசுவம், இன்னொரு கையில் ஒரு போல்ட்.

"எலைய மடிக்கும்போது அடியில கெடந்துச்சுடா. இது அதுல உள்ளதா, இல்ல கடையில வாங்கின பொரியோட வந்துச்சா?"

பிரேக் தகட்டை வண்டிச் சட்டத்தோடு பிடித்து நிறுத்துகிற போல்ட் அது. இலையின் ஓரம் சுருண்டு அதை மூடியிருக்கிறது, அவசரத்தில் நான் தாண்டிப் போயிருக்கிறேன். அது இல்லாமல் பிரேக்கை மிதித்தால் தகடும் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும், கம்பியை முறுக்கிச் சக்கரத்தையே கட்டிப்போட்டுவிடும். பத்து பெரிங்கி இறக்கத்தில், பின்னால் ஒரு வயதான அம்மாவை வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் கடல் இருக்க, அது நடந்திருந்தால்?

அக்கா ஸ்பேனரையும் இடுப்பில் சொருகிக்கொண்டு வந்திருந்தாள். மழையில் தெருவிலேயே குப்புறப் படுத்து அந்த போல்ட்டைப் பூட்டினேன். அவள் முந்தானையை விரித்து என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மருத்துவச்சியம்மா தன் வீட்டு வாசலில் பையும் குடையுமாக நின்றிருந்தார். எங்கள் பக்கத்தில் பாதிப் பிள்ளைகளை எடுத்த கை. நல்ல கனத்த சரீரம். வண்டியை மேலும் கீழும் பார்த்தார். வெற்றிலையைத் துப்பினார்.

"ஏம்ப்பா, நீ சாஞ்சா நானும் சாயணுமா, நேரா உக்காந்திருக்கணுமா? மொதல்லயே சொல்லிரு."

"நான் சாஞ்சா நீங்களும் சாயுங்கம்மா."

"விழுந்தா?"

"விழ மாட்டோம்மா."

"அத நான் சாமிகிட்ட கேட்டுக்கிறேன். நீ ரோட்டப் பாரு," என்று ஏறி உட்கார்ந்து என் தோளை ஒரு பிடி பிடித்தார். அந்தப் பிடியில் எனக்குப் பாதி தைரியம் வந்தது.

வழி நெடுக எனக்கு ரோடு கண்ணில் இருந்ததைவிடச் சக்கரம்தான் மனதில் இருந்தது. ஒட்டு நிற்குமா, நட்டு இறுக்கினேனா, பூட்டுக் கண்ணி சரியாக விழுந்ததா? தஞ்சோங் பூங்கா தாண்டி மலை ஏறியதும் மழை வலுத்தது. மண் சரிந்த இடத்தில் மலாய்க்காரர்களும் சீனர்களுமாக ஆட்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். மருத்துவச்சியம்மா இறங்கி, குடையை ஊன்றிக்கொண்டு, ஒரு ஆள் கையைப் பிடித்தபடி அந்தச் சேற்றில் ஏறினார். நான் வண்டியைத் தள்ளினேன். ஓரத்தில் கால் வைத்த மண் உருண்டு கீழே கடலில் விழுவது கேட்டது. யாரென்றே தெரியாத இரண்டு பேர் பின்னாலிருந்து கேரியரைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு நன்றி சொன்னேனா என்றுகூட ஞாபகம் இல்லை.

அதற்கு அப்புறம் வந்த இறக்கத்தில் பிரேக்கை மிதித்தேன். பிடித்தது. ஒவ்வொரு வளைவிலும் பிடித்தது. ஒவ்வொரு தடவை பிடிக்கும்போதும் அக்கா போல்ட்டோடு ஓடி வந்தது கண்ணுக்கு முன்னால் வந்தது.

தோட்டத்தில் மாமனார் மழையில் நனைந்துகொண்டு பாதையிலேயே நின்றிருந்தார். உள்ளே இருந்து என் மனைவியின் சத்தம் கேட்டது. சத்தம் வருகிறதே, உயிரோடு இருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன். மருத்துவச்சியம்மா சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டு, "சுடுதண்ணி" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

நான் வெளியே வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். உட்கார முடியவில்லை. ஸ்பேனரை எடுத்து, இறுகி இருந்த நட்டையே திரும்பத் திரும்ப இறுக்கிப் பார்த்தேன். மாமனார் ஒரு தடவை வந்து என் தோளைத் தொட்டு, "போதும்ப்பா, மறை கழண்டுறப் போகுது" என்றார். அதற்கப்புறமும் இறுக்கினேன். விளக்கு வைக்கிற நேரத்தில் உள்ளே என் மனைவியின் சத்தம் நின்றது. அது நின்றதும் என் கையும் நின்றுவிட்டது. பிறகு, ரொம்ப மெல்ல, பூனைக்குட்டி போல ஒரு அழுகை.

மருத்துவச்சியம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "பொண்ணு. காலை முன்னால நீட்டிக்கிட்டு வந்தா, திமிரு புடிச்சவ. ஆத்தாவும் பொழைச்சா. இன்னும் கொஞ்சம் தாமசமாயிருந்தா நான் ஒன் மூஞ்சியப் பாத்துப் பேச முடியாதுப்பா," என்றார். சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் தேடினார். நான் அவர் காலில் விழுந்தேன்.

மறுநாள் நான் திரும்பி வந்தபோது அக்கா பூஜை அறையில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் என் நிழல் விழுந்ததும் திரும்பவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. "பொண்ணுக்கா. ரெண்டு பேரும் சௌக்கியம்," என்றேன். அப்படியே தரையில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் கிடந்தாள். முதல் நாள் மத்தியானத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூட அவள் குடிக்கவில்லை என்று பாய்தான் அப்புறம் சொன்னார். அவர் கடையிலிருந்து கொடுத்தனுப்பிய மோரையும் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டாளாம்.

அக்கா இப்போது இல்லை. அன்றைக்குப் பிறந்த பெண்ணுக்கே இன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆயுத பூஜை வரும்போது எல்லாரும் அந்தக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள், நானும் சொல்வேன், எல்லாரும் சிரிப்பார்கள். ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. அக்கா அன்று அந்தத் தேங்காயை உடைக்காமல் இருந்திருந்தால், கை நீட்டி அந்த ஸ்பேனரை நானாக எடுத்திருப்பேனா என்று என்னையே நான் இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எடுத்திருப்பேன் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது, ஆனால் கற்பூரம் ஏற்றிக் கையைக் கூப்பி நிற்கும்போது மட்டும் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.